ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்பி வாங்கலாமா? போட்டி கேமிங் மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் போன்ற ஷூட்டர் கேம்களைக் கணினியில் ரேங்க் ஏறுவதற்காக ஆடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கதை ஓடும் பெரிய கேம்களுக்கும் படம் பார்ப்பதற்கும் மானிட்டர் தேர்வு செய்யும் கணக்கு வேறு. அதை இங்கே கலக்கவில்லை. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ஹெர்ட்ஸ், அந்தத் திரையால் எட்ட முடிந்த உச்சம் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு, கேபிள், விண்டோஸ் செட்டிங், பேனலின் வேகம் என்று வழியில் எது சொதப்பினாலும், 240 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 60-இல் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

ரெஃப்ரெஷ் ரேட், எஃப்பிஎஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வரைந்து தள்ளுகிறது என்பது எஃப்பிஎஸ். திரை விநாடிக்கு எத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பது ரெஃப்ரெஷ் ரேட்; ஹெர்ட்ஸ் அதன் அலகு. கல்லில் எத்தனை தோசை வார்த்தாலும், பரிமாறுகிறவரின் கை வேகத்துக்குத்தான் இலைக்கு வரும்.

ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் 16.67 மில்லி விநாடி, 144-இல் 6.94, 240-இல் 4.17, 360-இல் 2.78, 540-இல் 1.85. 60-இலிருந்து 144-க்குப் போனால் ஒரு ஃபிரேமுக்கு 9.7 மில்லி விநாடி மிச்சம். 144-இலிருந்து 240-க்கு 2.8 மட்டுமே. 240-இலிருந்து 360-க்கு 1.4. விலை ஏறிக்கொண்டே போகும், கிடைக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாறிய அன்று வாய் பிளந்தவர், 360-க்கு மாறிய அன்று தோளைக் குலுக்குவதற்குக் காரணம் இதுதான்.

அந்தச் சில மில்லி விநாடி நிஜமாகவே கண்ணுக்குத் தெரியுமா?

தாமதம் குறைந்ததாக உணர மாட்டீர்கள், படம் தெளிவானதாக உணர்வீர்கள். இந்தத் திரைகள் ஒரு ஃபிரேமைக் காட்டிவிட்டு அடுத்தது வரும்வரை அதையே அப்படியே பிடித்து வைத்திருக்கும். உங்கள் கண்ணோ, ஓடுகிறவரைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் உருவம் இழுபடுகிறது. பேனல் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த மங்கல் வரும்.

1920 பிக்சல் அகலத் திரையை ஒருவர் 2 விநாடியில் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 960 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் அவர் உருவம் 16 பிக்சல் இழுபடும். 120-இல் 8, 240-இல் 4, 480-இல் 2. தூரத்து மூலையில் அவர் தலை 10 பிக்சல் அகலம்தான் என்றால், 60 ஹெர்ட்ஸில் மங்கல் தலையைவிட அகலம், எதைக் குறிவைப்பது? 240-இல் தலை தலையாகத் தெரிகிறது. இரண்டு கதவுகளுக்கு நடுவில் கை அகல இடைவெளியில் ஒருவர் குறுக்கே பாயும்போது, 60 ஹெர்ட்ஸ் திரை அவரை இரண்டு மூன்று முறைதான் காட்டும். 240 அதே நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை காட்டும்.

அப்படியானால் எனக்கு எத்தனை ஹெர்ட்ஸ் போதும்?

மானிட்டரைப் பார்க்கும் முன் உங்கள் கணினியை அளந்துவிடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாடியூனரையும் நிறுவி, சராசரி எஃப்பிஎஸ்ஸையும் "1% லோ" எண்ணையும் (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) திரையில் காட்டச் சொல்லுங்கள். ஆளில்லாத பயிற்சி மைதானத்தில் அளக்காதீர்கள், அங்கே எல்லாக் கணினியும் சிங்கம்தான். முழு மேட்ச் ஒன்றில், புகைக்குண்டும் மொலொட்டோவும் பறக்க, ஐந்து பேர் ஒரே இடத்தில் மோதும்போது வரும் 1% லோதான் உண்மையான எண்.

அது 100-ஐச் சுற்றி இருந்தால் 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை உள்ள மானிட்டர் சரி. 200-ஐத் தாண்டினால் 240 வாங்குவதில் அர்த்தம் உண்டு. 360-ம் அதற்கு மேலும், 1% லோ 300-ஐத் தொடுகிறவர்களுக்கும் போட்டியில் பரிசுக்காக ஆடுகிறவர்களுக்கும். சராசரி 260, 1% லோ 110 என்று இருக்கிறவர் 360 ஹெர்ட்ஸ் வாங்கினால் பணம் வீண். முதலில் அந்த 110-ஐத் தூக்க வேண்டும்.

எப்படித் தூக்குவது? இந்தக் கேம்கள் கிராபிக்ஸ் கார்டைவிடப் பிராசசரைத்தான் பிழிகின்றன. ரேம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால் இரண்டாகப் போட்டு டூயல் சேனல் ஆக்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பு அணைந்திருந்தால், பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேம் ஓடாது; அதைப் போடுங்கள். இவை இரண்டும் செய்தும் போதாதென்றால், பெரிய கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள ரைசன் எக்ஸ்3டி வகைப் பிராசசர்கள் இந்த வேலைக்குக் கைகொடுக்கும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் 5800எக்ஸ்3டி கிடைத்தால் போர்டை மாற்றாமலே போட்டுக்கொள்ளலாம், பயாஸை மட்டும் முன்கூட்டியே புதுப்பித்துவிட வேண்டும்.

எஃப்பிஎஸ் ஹெர்ட்ஸைவிடக் குறைந்தால் மானிட்டர் வீணா? கூடினால் எஃப்பிஎஸ் வீணா?

இரண்டும் இல்லை. 240 ஹெர்ட்ஸ் திரையில் 150 எஃப்பிஎஸ் ஓடினாலும், ஒவ்வொரு ஃபிரேமும் மேலிருந்து கீழ்வரை 4.17 மில்லி விநாடியில் வரையப்பட்டுவிடும். 144 திரையில் அதற்கு ஏறக்குறைய 7 ஆகும். மறுபக்கம், 144 ஹெர்ட்ஸில் 300 எஃப்பிஎஸ் ஓடினால், திரை எடுத்துக்கொள்ளும் ஃபிரேம் அப்போதுதான் வரைந்த புத்தம் புதியது. மவுஸ் அசைவு சற்று முன்னதாகத் திரைக்கு வரும்.

அளவும் ரெசல்யூஷனும்?

24 அல்லது 24.5 அங்குலம், 1920×1080. போட்டி மேடைகளில் வழக்கமாகக் காண்பது இதுதான். காரணம் எளிது: தலையை அசைக்காமல் மினிமேப்பிலிருந்து தோட்டா எண்ணிக்கை வரை பார்வைக்குள் அடங்கும், கணினிக்கும் பாரம் குறைவு.

27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 எடுங்கள். அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும், எழுத்தும் கூர்மை, தூரத்து உருவமும் கூர்மை. ஆனால் 1080-ஐவிட 1.78 மடங்குப் பிக்சலைக் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டும். 27 அங்குலத்தில் 1080 வேண்டவே வேண்டாம். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாக உறுத்தும். கடைக்காரர் "பெரிய ஸ்கிரீன், அதே விலை" என்று தள்ளிவிடப் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 1280×960-ஐ இழுத்து விரித்து ஆடுகிறவர்கள், அந்த விரிப்பைக் கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலிலேயே "முழுத்திரை" என்று வையுங்கள். விரித்தால் ஆள் அகலமாகத் தெரிவார், அகலமாக நகரவும் செய்வார். பக்கவாட்டுப் பார்வையும் குறையும். அது பழக்கம் சார்ந்த விஷயம், திறமைக்குக் குறுக்குவழி அல்ல. மிக அகலமான அல்ட்ராவைடு திரை இந்தக் கேம்களுக்குத் தேவையில்லை. வேலரண்ட் 16:9-ஐத் தாண்டிக் கூடுதல் பார்வைப் பரப்பைத் தருவதே இல்லை.

டிஎன், ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி: எந்த பேனல்?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே பதில் வேண்டுமென்றால் ஐபிஎஸ். இன்றைய வேகமான ஐபிஎஸ் பேனல்கள் 240 ஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்கின்றன, நிறமும் நன்றாக இருக்கும். இருட்டறையில் மூலைகளில் வெளிறிய ஒளி தெரியும். அது அந்த பேனலின் இயல்பு, பழுது அல்ல.

டிஎன் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னும் சாகவில்லை. பென்க்யூ சோவியின் 540 ஹெர்ட்ஸ் எக்ஸ்எல்2586எக்ஸும், 2023-இல் வந்த ஏசஸின் 540 ஹெர்ட்ஸ் மானிட்டரும் டிஎன் வகைதான். கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும், மற்ற வேலைக்குச் சப்பென்று இருக்கும். ஆடுவதற்கு மட்டும் தனி மேசை வைத்திருப்பவருக்கு அது குறையே இல்லை.

விஏ விஷயத்தில் கவனம் தேவை. கருப்பு நன்றாக இருக்கும், விலையும் குறையும். ஆனால் கருப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவதில் அந்தப் பிக்சல்கள் மந்தம். இருண்ட சந்தில் திரும்பிப் பாருங்கள்: சுவரின் விளிம்புக்குப் பின்னால் கரி பூசினாற்போல ஒரு வால் இழுத்துக்கொண்டு வரும். எதிரி ஒளிந்திருப்பதும் அந்த நிழலில்தான். சில விலையுயர்ந்த விஏ மானிட்டர்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைக்கப்பட்டுள்ளது. மலிவு விலையில் "165 ஹெர்ட்ஸ் வளைந்த திரை" என்று வருபவற்றில் அப்படியே இருக்கும்.

ஓஎல்இடியின் பிக்சல் மாற்றம் மில்லி விநாடியில் மிகச் சிறு பகுதிதான். அதனால் 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி, அதே 240 ஹெர்ட்ஸ் எல்சிடியைவிட (மேலே சொன்ன மூன்றும் எல்சிடி வகைதான்) தெளிவாகத் தெரியும். 2024-இல் 480 ஹெர்ட்ஸ் ஓஎல்இடிகளும் வந்துவிட்டன. விலை போக, இரண்டு தலைவலிகள். ஒன்று, ஒரே இடத்தில் நிற்கும் படம் நாளடைவில் தழும்பாகப் பதியும். ஒரே கேமை தினம் ஆறு மணி நேரம் ஆடுகிறவருக்கு மினிமேப்பும் உயிர்ப்பட்டையும், அலுவலக வேலையும் அதிலேயே என்றால் டாஸ்க்பாரும் பதிய வாய்ப்பு உண்டு. வாரன்டியில் இந்தப் பதிவு அடங்குமா என்று வாங்கும்போதே எழுத்தில் பாருங்கள். இரண்டு, எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது விஆர்ஆர் (திரையின் வேகத்தை எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மாற்றும் வசதி) போட்டிருந்தால் இருண்ட காட்சிகளில் திரை லேசாக மினுக்கும்.

"1 மில்லி விநாடி" என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கிறதே?

அதை நம்பி ஒரு மானிட்டரை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அந்த எண் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று ஜிடிஜி: ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிக்சல் மாறும் நேரம். மாற்றத்தின் முதல் பத்து சதவீதத்தையும் கடைசிப் பத்து சதவீதத்தையும் விட்டுவிட்டு, மிகச் சாதகமான நிற ஜோடியை எடுத்து, ஓவர்டிரைவை (அடுத்த கேள்வியில் வருகிறது) உச்சத்தில் வைத்து அளந்து எழுதலாம். இன்னொன்று எம்பிஆர்டி: பின்னொளியை மினுக்கி மங்கலைக் குறைத்த பிறகு வரும் எண். இரண்டும் வேறு வேறு சங்கதி.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெரும்பாலான நிற மாற்றங்கள் ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் முடிகின்றனவா? 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.17-க்குள். அளவுக்கருவி வைத்துச் சோதிக்கும் விமர்சனங்களில் சராசரி நேரமும், இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும் அளவும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் பாருங்கள்.

ஓவர்டிரைவை எதில் வைப்பது?

மெனுவில் இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஏசஸ் ட்ரேஸ் ஃப்ரீ என்கிறது, பென்க்யூ ஏஎம்ஏ, எல்ஜியும் சாம்சங்கும் ரெஸ்பான்ஸ் டைம். வேலை ஒன்றே: பிக்சலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து விரட்டுவது. குறைவாக விரட்டினால் பின்னால் மங்கலான வால். அதிகமாக விரட்டினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப்போய், உருவத்துக்குப் பின்னால் வெளுத்த அல்லது நிறம் மாறிய ஓர் ஆவி ஓடும்.

டெஸ்ட்யூஎஃப்ஓ இணையதளத்தை முழுத்திரையில் திறங்கள். பறக்கும் தட்டைக் கண்ணால் தொடர்ந்தபடி மெனுவில் ஒவ்வொரு நிலையாக மாற்றுங்கள். வால் குறுகி, வெள்ளை ஆவி இன்னும் தோன்றாத நிலைதான் உங்களுக்கு. பெரும்பாலும் அது நடு நிலை. "எக்ஸ்ட்ரீம்" என்று பெயர் இருந்தால் அது பெட்டியில் 1 மில்லி விநாடி என்று அச்சிடுவதற்காக வைத்தது, ஆடுவதற்காக அல்ல.

ஒரு சிக்கல்: 240-இல் சரியாக இருக்கும் ஓவர்டிரைவ், எஃப்பிஎஸ் 90-க்கு இறங்கும்போது மிகையாகிவிடும். வேகத்துக்கு ஏற்பத் தானே மாறும் ஓவர்டிரைவ் உள்ள மானிட்டரில் இந்தக் கவலை இல்லை. இல்லாததில் ஒரு படி குறைத்து வையுங்கள்.

டையாக், யுஎல்எம்பி என்கிறார்களே, அது என்ன?

முன்னது பென்க்யூ சோவியுடையது, பின்னது என்விடியாவுடையது. இரண்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்னொளியை அணைத்து, பிக்சல் மாறி முடிந்தபின் ஒரு நொடிப்பொழுது மட்டும் எரிய விடுகின்றன. மேலே சொன்ன "பிடித்து வைக்கும் மங்கல்" இதனால் குறைகிறது. துப்பாக்கி உதறும்போது குறி எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிவது இதன் பெரிய பலன்.

விலையாக ஒளி குறையும். சுமாரான மானிட்டரில் திரையின் மேல் அல்லது கீழ்ப் பகுதியில் இரட்டை உருவம் தெரியும். அங்கே பிக்சல் மாறி முடியும் முன்பே விளக்கு எரிந்துவிடுகிறது என்று அர்த்தம். எஃப்பிஎஸ் எப்போதும் ஹெர்ட்ஸுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தால்தான் இது நன்றாக இருக்கும். பல மானிட்டர்களில் இதைப் போட்டால் விஆர்ஆர் போட முடியாது. சிலருக்குத் தலை வலிக்கும். அப்படியானால் அணைத்துவிட வேண்டியதுதான்.

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போடலாமா? போட்டி ஆட்டத்தில் கூடாது என்கிறார்களே?

இரண்டும் விஆர்ஆர் வகைதான்: திரையின் வேகத்தை எஃப்பிஎஸ்ஸோடு இணைத்து, படம் குறுக்கே கிழிவதைத் தடுப்பவை. 2019 ஜனவரிக்குப் பிறகு என்விடியாவின் 10 வரிசை முதலான கார்டுகள் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களிலும் இதைச் செய்கின்றன. ஆக ஜி-சிங்க் முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

"கூடாது" என்ற பேச்சு, திரை புதுப்பிக்கும் வரை ஃபிரேமைக் காக்க வைக்கும் பழைய முறையான வி-சிங்க்கைப் பற்றியது. தனியாக வி-சிங்க் போட்டால், முடிந்த ஃபிரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். மவுஸ் சேற்றில் இழுப்பதுபோல ஆகும். அதை ஒருபோதும் தனியாகப் போடாதீர்கள்.

எஃப்பிஎஸ் 120-க்கும் 220-க்கும் நடுவே அலைகிறவர் 240 ஹெர்ட்ஸ் திரையில் இப்படி வையுங்கள்: ஜி-சிங்க் போட்டு, என்விடியா கன்ட்ரோல் பேனலில் வி-சிங்க் போட்டு, கேமுக்குள் வி-சிங்க்கை அணைத்து, என்விடியாவின் தாமதக் குறைப்பு வசதியான ரிஃப்ளெக்ஸைப் போடுங்கள். எஃப்பிஎஸ் தானாகவே 240 திரையில் 225-ஐ ஒட்டியும், 144 திரையில் 138-ஐ ஒட்டியும் நின்றுவிடும். இங்கே வி-சிங்க் உச்சத்தைத் தாண்டாமல் காவல் மட்டும் காக்கிறது, தாமதம் சேர்ப்பதில்லை. ரிஃப்ளெக்ஸ் இல்லாத கேமில், எஃப்பிஎஸ் வரம்பை நீங்களே ஹெர்ட்ஸுக்கு மூன்று நான்கு குறைவாக வையுங்கள்.

எந்நேரமும் 400-க்கு மேல் ஓடுகிறவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரிஃப்ளெக்ஸ் மட்டும் வைத்து ஆடலாம். அந்த வேகத்தில் கிழிசல் கண்ணில் படுவது அரிது.

எந்தக் கேபிள்?

கணினிக்கு டிஸ்ப்ளே போர்ட். பெட்டியிலேயே வரும் கேபிள் போதும், இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும்.

டிஸ்ப்ளே போர்ட் 1.2-இல் 1080 தெளிவில் 240 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகும். 1.4-இல் 1440 தெளிவில் 240 வரை. 4கே-யில் 120-ஐத் தாண்ட வேண்டுமென்றால் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை உதவுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஹெச்டிஎம்ஐ 2.0-இன் உச்சம் விநாடிக்கு 18 ஜிகாபிட், அதாவது 1440-இல் 144 ஹெர்ட்ஸ். பல 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ துளை 144-உடன் நின்றுவிடும். தகவல் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். ஹெச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலும் முழு 48 ஜிகாபிட் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. அந்த விதிமுறைப்படி பழைய 2.0 வசதிகள் மட்டும் உள்ள துளைக்கும் 2.1 என்றே பெயரிடலாம்.

மலிவுக் கேபிளில் ஒரு வில்லங்கம் உண்டு. டிஸ்ப்ளே போர்ட்டின் 20-ஆம் பின் மின்சாரம் தருவது. சாதாரணக் கேபிளில் அது இருபுறமும் இணைக்கப்படக் கூடாது. இணைத்துத் தயாரித்த கேபிளில் மானிட்டரிலிருந்து கணினிக்குள் மின்சாரம் திரும்பி வந்து, கணினி துவங்காமல் அடம்பிடிக்கும். பிளக்கைக் கழற்றும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு இழுங்கள். கொக்கியோடு பிடுங்கினால் துளை பெயர்ந்துவிடும்.

240 ஹெர்ட்ஸ் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை. ஏன்?

முதலில் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கேபினட்டின் பின்புறம் மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டு. கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருக்கும் துளைகள்தான் கிராபிக்ஸ் கார்டுடையவை. மதர்போர்டில் செருகியிருந்தால் வாங்கிய கார்டு சும்மா கிடக்கிறது என்று பொருள்.

அடுத்து விண்டோஸ். புது மானிட்டரைச் செருகினால் பெரும்பாலும் 60-இலேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், இரண்டு மானிட்டர் இருந்தால் சரியானதைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட்டை 240 ஆக்குங்கள். பட்டியலில் 240 இல்லையென்றால் கேபிள் அல்லது துளை அந்த வேகத்தைத் தாங்கவில்லை, அல்லது (1440 திரை என்றால்) மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளே போர்ட் பதிப்பு 1.2-க்கு இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பட்டியல் இரண்டு பகுதியாக வரும். மேலே டிவிக்கான பட்டியல், கீழே "பிசி" என்ற தலைப்பு. அதிக ஹெர்ட்ஸ் கீழே ஒளிந்திருக்கும்.

பிறகு கேமுக்குள் முழுத்திரை நிலையில் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். எஃப்பிஎஸ் வரம்பு 60-இல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசியாக, மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தால் அது வாங்கும் வேகத்தை அதுவே சொல்லும். அந்த எண்தான் இறுதித் தீர்ப்பு.

லேப்டாப்பில் செருகலாமா?

செருகலாம். பல லேப்டாப்களில் ஒரு துளை பிராசசரில் உள்ள சிறிய கிராபிக்ஸோடும், இன்னொன்று பெரிய கார்டோடும் இணைந்திருக்கும். பெரிய கார்டோடு நேராக இணைந்த துளையில் செருகினால் எஃப்பிஎஸ் கூடும். என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலின் பிஸ்எக்ஸ் பக்கத்தில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று படமாகவே காட்டும். மலிவு யுஎஸ்பி டாக் வழியாகச் செருகாதீர்கள். அவற்றில் பல படத்தைச் சுருக்கி அனுப்புபவை, தாமதம் நிச்சயம்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு?

இரண்டும் 120 ஹெர்ட்ஸைத் தாண்டாது. 240 வாங்குவது வீண். பிளேஸ்டேஷன் 5 2022 செப்டம்பருக்குப் பிறகுதான் 1440-இல் படம் அனுப்பக் கற்றுக்கொண்டது. அதன் விஆர்ஆர் ஹெச்டிஎம்ஐ விஆர்ஆர் உள்ள திரையில் மட்டுமே வேலை செய்யும், வெறும் ஃப்ரீசிங்க் உள்ளதில் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸுக்கு ஃப்ரீசிங்க்கும் ஒத்துவரும்.

புது மானிட்டர் வாங்கினால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) குறையுமா?

குறையாது. மும்பை சர்வருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே நடப்பதில் மானிட்டருக்குப் பங்கில்லை. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள், அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். மவுஸ் 125 ஹெர்ட்ஸ் போலிங்கில் இருந்தால் அதன் தகவல் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் போகிறது. 1000 ஆக்கினால் 1 மில்லி விநாடி. காசில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை எடுத்துக்கொண்டு பிறகு 360 ஹெர்ட்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

ஹெச்டிஆர், நிறத்துல்லியம் எல்லாம் பார்க்க வேண்டுமா?

இந்த வேலைக்கு வேண்டாம். ஹெச்டிஆர்400 முத்திரை ஸ்டிக்கருக்கு மேல் பெரிதாக ஒன்றும் தராது. உதவுவது நிழலை வெளுக்கச் செய்யும் வசதி; பிளாக் ஈக்வலைசர், ஷேடோ பூஸ்ட் என்று பெயர்கள். இரண்டு மூன்று படி ஏற்றினால் இருட்டு மூலையில் நிற்பவர் துலங்குவார். உச்சத்துக்கு ஏற்றினால் எல்லாமே சாம்பல் பூத்து, ஆளும் சுவரும் ஒன்றாகிவிடும். ஸ்டாண்டின் அடிப்பாகம் கீபோர்டையும் மவுஸ் பேடையும் இடிக்காமல் சிறியதாக இருப்பது இதைவிட முக்கியம். பின்புறம் 100×100 மில்லிமீட்டர் துளைகள் இருந்தால் மானிட்டர் ஆர்ம் என்ற தாங்கும் கை வாங்கிப் பொருத்திவிடலாம்.

பழையது வாங்கலாமா? எதைச் சோதிப்பது?

240 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பழையதாக நல்ல விலைக்கு வந்தால் தயங்க வேண்டாம். பழைய ஓஎல்இடி என்றால் இருமுறை யோசியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் யாரோ வீட்டில் வாங்கினாலும் லேப்டாப், சொந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிள், பெரிய கார்டோடு இணைந்த துளைக்கான மாற்றி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைப் போட்டுச் செத்த பிக்சல் தேடுங்கள். ஓஎல்இடி என்றால் நடுத்தரச் சாம்பல் போட்டு, கீழ் விளிம்பில் டாஸ்க்பாரின் நிழலும், மேல் மூலையில் மினிமேப்பின் நிழலும் தெரிகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். சூடேறிய பிறகுதான் சில திரைகள் கோடு போட ஆரம்பிக்கும்.

கடைசிச் சோதனை, பலர் செய்யாதது. மானிட்டர் 240 என்று மெனுவில் சொல்லிவிட்டு, உள்ளே சில ஃபிரேம்களை விழுங்கிவிடக்கூடும். ஓவர்கிளாக் செய்தவற்றில், அதாவது வடிவமைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டவற்றில், இது நடக்கும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் பக்கத்தைத் திறந்தால், கட்டம் போட்ட பலகையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரிசையாகத் தாவிக்கொண்டிருக்கும். போன் கேமராவில் புரோ நிலைக்குப் போய் ஷட்டரை 1/10 விநாடியாக வைத்து, கை ஆடாமல் நாலைந்து படம் எடுங்கள். 240 ஹெர்ட்ஸில் ஒரு படத்தில் ஏறத்தாழ 24 கட்டங்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒளிர வேண்டும். நடுவே பல்லு விழுந்தாற்போல இருண்ட கட்டம் தெரிந்தால், முதலில் பிரவுசரில் மற்ற டேப்களை மூடிவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் அதே ஓட்டை இருந்தால் வேகத்தை ஒரு படி இறக்கிச் சோதித்து, அந்த வேகத்துக்கான விலையைப் பேசுங்கள்.